மணியடியில் நின்ற விவசாயிகள்

நாங்கள் ஊருக்குள் நுழைந்தபோது பொழுது மேற்கே சாய ஆரம்பித்திருந்தது. ஊர் நடுவே மரச்சட்டத்தில் தொங்கும் மணியைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் தலையில் வைக்கோல் தொப்பி. விவசாயிகள். பக்கத்திலேயே பச்சை அங்கி போட்ட ஒருவர். பத்தடி தள்ளி வயலில் கோதுமை முற்றிப் பழுத்து அறுப்புக்குக் காத்திருந்தது. ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“பாத்தீங்களா மாமா? எப்ப வந்தாலும் இப்படித்தான். மூணு பேருக்கும் கம்போஸ்டர் வச்சுக் குடுத்தேன். நிலம் உழுது குடுத்தேன். தண்ணியும் விட்டேன். சும்மாவே நிக்கிறாங்க” என்றாள் அக்கா மகள்.

இந்த ஊர் மைன்கிராஃப்ட் விளையாட்டுக்குள் இருக்கிறது. அவள் தஞ்சாவூர் வீட்டில் மேசைக் கணினி முன்னால் இருந்தாள். அதே அறையில் நான் மடிக்கணினியைத் திறந்து அவள் உலகத்துக்குள் இறங்கியிருந்தேன். சுவீடனின் ஸ்டாக்ஹோமில் உள்ள மோஜாங் நிறுவனத்தின் விளையாட்டு இது. மார்கஸ் பெர்சன் என்ற நிரலாளர் 2009-இல் முதல் வடிவத்தை வெளியிட்டார். முழு விளையாட்டு 2011 நவம்பரில் வந்தது. 30 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. ஜெயிக்க வேண்டிய எதிரியோ முடிக்க வேண்டிய கதையோ உங்கள் மேல் சுமத்தப்படுவதில்லை. மணலைக் குவித்து விளையாடும் பிள்ளை போல, கிடைத்த மண்ணையும் மரத்தையும் கல்லையும் வைத்து நீங்களே ஓர் உலகத்தைக் கட்டலாம். அந்த உலகத்தில் தற்செயலாகத் தென்படும் ஊர்களில் கணினி நடத்தும் மனிதர்கள் வாழ்கிறார்கள். பிள்ளைகள் எல்லோரும் அவர்களை வில்லேஜர் என்றே சொல்வார்கள். அவர்களுக்கு வீடு, படுக்கை, தொழில், கூடிப் பேச ஒரு மணி என்று எல்லாம் உண்டு.

அவளுக்கு விவசாயிகள் மேல் மனத்தாங்கல் வந்ததற்குக் காரணம் உண்டு. இரண்டு வாரமாக இந்த ஊரைச் சீர்படுத்திக்கொண்டிருக்கிறாள். ஊரில் ஒரு குழந்தைகூடப் பிறக்கவில்லை. “இவங்களைத் தீத்துட்டு வேற ஊர்லேர்ந்து ஆள் கொண்டாந்துடலாமா?” என்று என்னைக் கேட்டாள். ஒரே ஒரு நாள் பொறு, அவர்கள் கூடவே இருந்து பார்ப்போம் என்றேன். இங்கே ஒரு நாள் என்பது நம் கணக்கில் 20 நிமிடம்.

அன்றிரவு மணியடிக்குப் பக்கத்து வீட்டில் ஆளுக்கொரு படுக்கை போட்டுப் படுத்தோம்.

விடிந்ததும் எழுந்து வயலோரம் போய் நின்றோம். விவசாயிகள் வீட்டிலிருந்து வெளியே வந்தார்கள், தெருவில் நடந்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், வயலுக்கு வரவில்லை. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கட்டளைப் பெட்டியைத் திறந்து நேரம் கேள் என்றேன். கேட்டாள். 900 என்று காட்டியது.

விளையாட்டின் ஒரு நாளுக்கு 24,000 டிக். ஒரு நொடிக்கு 20 டிக். சூரியன் எழும் நேரம் பூஜ்யம். வில்லேஜருக்கு வேலை நேரம் தொடங்குவது 2000-இல். அதை நம் கடிகாரத்துக்கு மாற்றினால் காலை 8 மணி. 9000-இல், அதாவது பிற்பகல் 3 மணிக்கு, வேலை முடிந்து மணியடிக்குப் போய்விடுவார்கள். 11,000 வரை அங்கே கூட்டம். 12,000-இல் படுக்கை. ஆக ஒரு நாளில் அவர்கள் உழைப்பது நம் கணக்கில் 6 நிமிடத்துக்கும் 10 நொடி குறைவு.

“நீ தினம் எத்தனை மணிக்கு ஊருக்குத் திரும்புற பாப்பா?”

யோசித்தாள். காலையில் எழுந்ததும் குகைக்குப் போவாள். இரும்பும் நிலக்கரியும் வெட்டுவாள். இருட்டினால் பேய்கள் வரும் என்பதால் பொழுது சாய்வதற்குள் ஊருக்கு வந்துவிடுவாள். வந்ததும் வயலைப் பார்ப்பாள், மணியடியைப் பார்ப்பாள், படுத்துவிடுவாள். அவர்கள் வேலை பார்க்கும் நேரத்தில் அவள் ஒருநாளும் ஊரில் இருந்ததில்லை.

ஆனால் அதுமட்டும் காரணமாக இருந்தால் கோதுமை அறுவடையாகியிருக்க வேண்டுமே. ஆகவில்லை. வேலை நேரம் தொடங்கும்வரை வயலைச் சுற்றி நடக்கலாம் என்று கிளம்பினோம்.

வயல் 9 பிளாக், அதாவது 9 கட்டம், அகலம், 14 பிளாக் நீளம். கிழக்கு ஓரத்திலிருந்து மூன்றாவது வரிசையின் நடுவில் ஒரே ஒரு குழியில் தண்ணீர். எஃப்3 விசையை அழுத்தினால் திரை ஓரத்தில் எண்கள் வரும். நாம் உற்றுப் பார்க்கும் பிளாக் பற்றிய விவரமும் அதில் இருக்கும். தண்ணீருக்குப் பக்கத்து மண்ணைப் பார்த்தோம். ஈரம் 7. மேற்கே நடந்தோம். ஈரம் 7, 7, 7, 7. ஐந்தாவது அடியில் பூஜ்யம். அதற்கப்பால் எல்லாமே பூஜ்யம். தண்ணீர் நாலு பக்கமும் 4 பிளாக் தூரம்தான் மண்ணை நனைக்கும். வறண்ட வரிசைகளில் பயிர் நின்ற இடம் உழுத மண்ணாகவே இருந்தது, வளர்ச்சி மட்டும் மந்தம். பயிர் இல்லாத இடங்களில் உழவு மறைந்து வெறும் மண் ஆகிவிட்டிருந்தது. இரண்டு இடத்தில் புல்கூட முளைத்திருந்தது.

என் அப்பா பேராவூரணிப் பக்கம் கல்லணைக் கால்வாயின் கடைமடையில் நெல் போட்டவர். தலைமடைக்காரர்கள் நடவு முடித்து களை எடுக்கும்போது எங்கள் வயலில் இன்னும் தண்ணீர் வந்திருக்காது. அந்த மேற்கு வரிசைகளைப் பார்த்ததும் கடைமடை என்ற வார்த்தைதான் வாயில் வந்தது. கடைமடை என்றால் என்ன என்று கேட்டாள். தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேருகிற நிலம், சில வருஷம் போய்ச் சேராமலும் போகிற நிலம் என்று சொன்னேன். அவள் பேசாமல் வாளியை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனாள்.

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இங்குள்ள விவசாயி விதைப்பார், அறுப்பார், உழமாட்டார். வெறும் மண்ணாகிப்போன இடத்தை அவர் வயலாகவே பார்ப்பதில்லை. மண்வெட்டியால் கொத்திப் புழுதியாக்குவது ஆடுகிறவர் பொறுப்பு. நெருக்கமாக அமைக்க வேண்டுமானால் 9-க்கு 9 சதுரம் வெட்டி நடுவில் தண்ணீர் வைப்பது நல்லது. ஒரு குழித் தண்ணீரில் 80 கட்டங்கள் நனையும். அந்தத் தண்ணீரின் மேலேயே கம்போஸ்டரை வைத்துவிட்டால் நனைவது நிற்காது, விவசாயியின் வேலையிடமும் வயலின் நடுவில் வந்துவிடும், அவர் தண்ணீருக்குள் இறங்கவும் மாட்டார். கம்போஸ்டர் என்பது இலைதழையைப் போட்டு எரு எடுக்கும் மரத்தொட்டி. விவசாயிக்குத் தொழில் அடையாளமே அதுதான். தொழில் இல்லாத ஒருவர் அதைச் சொந்தமாக்கிக்கொண்ட கணமே வைக்கோல் தொப்பி வந்துவிடும்.

முன்பு இப்படி இருக்கவில்லை. நான் இந்த விளையாட்டுக்குள் வந்த காலத்தில் ஊர்க்காரர்களுக்கு வீடு என்றால் கதவுதான். கதவை எண்ணித்தான் விளையாட்டு வீட்டுக் கணக்கைப் போடும். சுவரே இல்லாமல் வரிசையாகக் கதவுகளை நட்டு ஊர் பெருக வைத்தவர்கள் உண்டு. 2014-இல் வந்த 1.8 பதிப்பில்தான் விவசாயி தானாகவே அறுவடை செய்யக் கற்றார். படுக்கை, வேலையிடம், மணி, நேர அட்டவணை எல்லாம் 2019 ஏப்ரலில் வந்த 1.14 பதிப்பின் கொடை. அதற்குப் பிறகுதான் இவர்கள் ஊர்க்காரர்கள் மாதிரி ஆனார்கள் என்பது என் எண்ணம். அதற்கு முன்னால் அவர்கள் அலைந்தார்கள். இப்போது அவர்களுக்கு ஒரு நாள் இருக்கிறது.

நேரம் 2000 ஆயிற்று. கிணற்றடி வீட்டிலிருந்து தொப்பிக்காரர் ஒருவர் நேராக வயலுக்கு வந்தார். அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவர் முற்றிய கோதுமைக்குள் இறங்கினார், நடந்தார், நின்றார். கதிர்களைப் பார்த்தார். கம்போஸ்டருக்குப் போய் வந்தார். மறுபடி கதிர்களுக்கு நடுவே நின்றார். கை நீளவில்லை.

“பாருங்க மாமா, பக்கத்துலேயே போய் நின்னுட்டு எடுக்க மாட்டேங்குறாரு!”

நான் எத்தனையோ ஊர்களில் விவசாயிகள் வேலை செய்யாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அவர்கள் வயலுக்கே வரமாட்டார்கள். இவர் வருகிறார். தொழில் இருக்கிறது, வேலையிடம் இருக்கிறது, நேரம் தெரிகிறது, பயிர் முற்றியிருக்கிறது. எஃப்3 போட்டு ஒரு கதிரைப் பார்த்தோம். வயது 7 என்றது. கோதுமைக்கு வயது பூஜ்யத்திலிருந்து 7 வரை 8 படிகள், 7 என்றால் அறுப்புக்குத் தயார். எல்லாம் சரியாக இருந்தும் ஒருவர் செய்யாமல் நின்றால், செய்யக்கூடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

“இந்த உலகத்துல எப்பவாவது கட்டளை போட்டு எதையாவது மாத்துனியா?”

மாற்றியிருக்கிறாள். போன மாதம் கிரீப்பர் என்னும் பச்சைப் பேய் அவள் வீட்டுச் சுவரோரம் வந்து வெடித்து, கண்ணாடி முகப்பையும் பெட்டியையும் சேர்த்துப் பறித்துவிட்டது. பள்ளித் தோழி ஒருத்தி வழி சொன்னாள்: மாப்கிரீஃபிங் என்ற விதியை அணைத்துவிட்டால் கிரீப்பர் வெடித்தாலும் கட்டடம் சேதமாகாது. உண்மைதான். அணைத்தாள். அதற்குப் பிறகு எத்தனை வெடித்தாலும் ஒரு கல்லும் அசையவில்லை.

ஆனால் அந்த ஒரு விதி கிரீப்பருக்கு மட்டும் உரியதல்ல. ஆடுகிறவரைத் தவிர வேறு எந்த உயிரும் உலகத்தை மாற்றலாமா என்ற கேள்வி முழுவதற்கும் அதுதான் பதில். எண்டர்மேன் என்னும் பேய் மண்ணைப் பெயர்த்துக்கொண்டு போவது, ஆடு புல் மேய்வது, வில்லேஜர் கீழே கிடக்கும் பொருளைப் பொறுக்குவது, விவசாயி கதிர் அறுப்பது, விதை ஊன்றுவது எல்லாம் அந்தக் கணக்கில் ஒன்றுதான். பேயின் கையைக் கட்டியபோது உழவன் கையும் சேர்ந்து கட்டுப்பட்டுவிட்டது. அதனால்தான் அந்த மனிதர் நேரத்துக்கு வயலுக்கு வந்தும், முற்றிய கதிர் நடுவே சும்மா நிற்கிறார்.

இதைக் கேட்டதும் அவள் முகம் வாடிவிட்டது. “நான் இவரைத்தான் அதிகமாத் திட்டுனேன் மாமா” என்றாள்.

விதியைத் திரும்பப் போடுவது ஒரு வரி வேலை. ஆனால் போட்டால் கிரீப்பர் வெடிப்பும் திரும்ப வரும். அவசரப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டு முதலில் ஊருக்கு வெளிச்சம் போட்டோம். 2021 நவம்பரில் வந்த 1.18 பதிப்பிலிருந்து, ஊர்கள் இருக்கும் இந்த மேலுலகத்தில் தீப்பந்தம் போன்றவற்றின் வெளிச்சம் முழுக்கப் பூஜ்யமாக இருக்கும் இடத்தில்தான் பேய்கள் முளைக்கும். தீப்பந்தம் நட்ட இடத்தில் வெளிச்சம் 14. ஒவ்வொரு அடிக்கும் ஒன்று குறையும். இருட்டு மூலை ஒன்றுகூட விடாமல் தெருவிலும் கொல்லையிலும் கூரையிலும் நட்டுக்கொண்டே போனோம். வயலோரமும் நட்டோம்; பயிர் வளரவும் 9 அளவு வெளிச்சம் வேண்டும், இரவிலும் அது வளரட்டும். அவள் வீட்டு வாசலில் ஒரு பூனையைப் பழக்கி உட்கார வைத்தாள். கிரீப்பருக்குப் பூனையைக் கண்டால் ஆகாது, ஓடிவிடும். வெளியிலிருந்து நடந்து வரும் கிரீப்பரை இவையெல்லாம் முழுதாகத் தடுத்துவிடாது. அந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டுதான் விதியைத் திரும்பப் போட்டாள். முடிவை அவளே எடுத்தாள்.

கிணற்றடிக்காரர் அப்போது வயலுக்குள்தான் இருந்தார். ஒரு கதிர் உடைந்தது. கோதுமையும் விதையும் தரையில் துள்ளின. அவர் பொறுக்கினார். அதே குழியில் விதை போட்டார். அடுத்த கதிருக்கு நகர்ந்தார்.

நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

இரண்டாவது தொப்பிக்காரர் கதை சின்னது. அவருடைய கம்போஸ்டர் வேலிக்கு வெளியே இருந்தது. வயலுக்கு மாடு வராமலிருக்க அவள் சுற்றிலும் வேலி போட்டு, வேலிக் கதவும் வைத்திருந்தாள். அவர் அந்தக் கதவருகே வந்து வந்து நின்றார். வில்லேஜர் மரக் கதவைத் திறப்பார், வேலிக் கதவைத் திறக்கத் தெரியாது. அதைப் பிடுங்கிவிட்டு வீட்டுக்குப் போடும் சாதாரண மரக் கதவை வைத்தோம். திறந்து உள்ளே போய்விட்டார். கிணற்றடிக்காரர் மட்டும் எப்படி உள்ளே இருந்தார் என்றால், அவர் வீட்டுப் பின்வாசல் வயலிலேயே திறக்கிறது.

பச்சை அங்கிக்காரர் வேறு மாதிரி. அவருக்கென்று அவள் வைத்த கம்போஸ்டர் முன்னால் அவரை நிறுத்தி, சுற்றிச் சுவர்கூடக் கட்டிப் பார்த்திருக்கிறாள். அடித்தும் பார்த்திருக்கிறாள். பச்சை அங்கி போட்டவருக்கு இந்த விளையாட்டில் தொழில் கிடையாது. எந்த வேலையிடத்தையும் அவர் எடுக்கமாட்டார், எந்த நாளும். அவரைப் படைத்தவர்கள் அப்படியே படைத்திருக்கிறார்கள். “அப்ப மூணாவது கம்போஸ்டர் காலியாவா கெடக்கு?” என்று கேட்டாள். போய்ப் பார்த்தோம். காலியாக இல்லை. அதன் பக்கத்தில் மூன்றாவது வைக்கோல் தொப்பி நின்றது. மேட்டுத் தெருவில் தொழில் இல்லாமல் இருந்த ஒருவர், இத்தனை தூரம் இறங்கி வந்து அதைத் தனக்கென்று எடுத்திருக்கிறார். 48 பிளாக் தூரத்துக்குள் யாருக்கும் சொந்தமில்லாத வேலையிடம் இருந்து, போக வழியும் இருந்தால் அவர்கள் தேடி வந்துவிடுவார்கள். அவளுக்கு அப்படி ஒரு விவசாயி இருப்பதே அதுவரை தெரியாது. அவள் மணியடிக்கு வரும் நேரத்தில் கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருப்பாராக இருக்கும்.

அன்று பகல் முழுக்க மூன்று பேரும் வேலை செய்வதைப் பார்த்தோம். ஓயாமல் செய்வதில்லை. கொஞ்சம் அறுப்பார், எழுந்து கம்போஸ்டருக்குப் போவார், நடந்துவிட்டு வருவார், எரு இருந்தால் இளம்பயிருக்குப் போடுவார், மறுபடி அறுப்பார். கைக்கெட்டும் தூரத்தில் முற்றியிருப்பதை மட்டும் எடுப்பார். வயலின் அந்தக் கோடியில் முற்றிக் கிடப்பது அவர் நடந்து போகும்போதுதான் கண்ணில் படும். அதனால் பெரிய வயலுக்கு ஒரு விவசாயி வைப்பதைவிட, சின்னச் சதுரங்களாகப் பிரித்து ஆளுக்கொன்று கொடுப்பது பலன் தரும்.

நண்பகலில் கோதுமை வயலுக்குள் உருளைக்கிழங்குச் செடி முளைத்தது. அவள் பதறினாள். போன வாரம் அவர்களை எப்படியாவது வேலை செய்ய வைக்க வேண்டும் என்று கை நிறைய உருளைக்கிழங்கை வயலில் வீசியிருக்கிறாள். விதி அணைந்திருந்ததால் அன்று யாரும் எடுக்கவில்லை. இன்று காலையும் ஒருமுறை, விதியைப் போட்ட சந்தோஷத்தில், வீசினாள். மேட்டுத் தெருக்காரர் பொறுக்கிக்கொண்டார். ஒவ்வொரு வில்லேஜருக்கும் நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு மடி உண்டு. அதில் 8 அறைகள். காலிக் குழியைப் பார்த்ததும் மடியில் முதலில் கைக்கு வரும் விதை எதுவோ அதை ஊன்றுவார். இந்த வயல் கோதுமைக்கு, அந்த வயல் கிழங்குக்கு என்ற எண்ணம் அவருக்கு இல்லை. ஒரே பயிர் வேண்டுமென்றால் அவர் கண்ணில் ஒரே விதை மட்டும் படும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். நான் அதற்காக மெனக்கெடமாட்டேன். இந்த விளையாட்டில் ஒரே பயிர் நெருக்கமாக எல்லாப் பக்கமும் நின்றால் வளர்ச்சி பாதியாகிறது. வரிசைக்கு வரிசை பயிர் மாற்றிப் போட்டால் வேகமாக வளர்கிறது. உளுந்தையும் துவரையையும் சேர்த்துப் போடுகிற ஊர்க்காரனுக்கு இதில் வியப்பில்லை.

விளைச்சலை எடுத்துக்கொள்வது எப்படி என்று கேட்டாள். விவசாயியின் மடிக்குள் நாம் கைவிட முடியாது. பலர் செய்வது இது: விவசாயியை ஒரு வயலுக்குள் சுவர் கட்டி அடைப்பார்கள். எதிரே ஒரு சின்ன அறையில் பசித்த வில்லேஜர் ஒருவரை நிறுத்துவார்கள். விவசாயியிடம் உணவு மிஞ்சினால் அவரைப் பார்த்து வீசுவார். நடுவில் வைத்த ஹாப்பர் அதை விழுங்கிப் பெட்டிக்குள் தள்ளிவிடும். எதிரே நிற்பவருக்கு ஒருநாளும் எதுவும் போய்ச் சேராது, அதனால் இவரும் வீசிக்கொண்டே இருப்பார். நன்றாக வேலை செய்கிற அமைப்பு. நானே ஒரு காலத்தில் கட்டியிருக்கிறேன். எங்கோ ஒரு மூலையில் ஒருவர் கிடைக்காத ரொட்டிக்காகச் சுவரைப் பார்த்து நிற்கிறார் என்ற நினைப்பு எனக்குப் பிடிக்காமல் போனதால் பிறகு கட்டுவதை விட்டுவிட்டேன். அவர் வெறும் எண்கள்தான் என்று தெரியும். இருந்தாலும் என்னால் முடியவில்லை. அவளிடம் இரண்டையும் சொன்னேன். “நம்ம வயல்ல ஒரு சதுரத்தை நானே அறுத்துக்கிறேன் மாமா, மிச்சம் அவங்களுக்கு” என்றாள். கோதுமை 20 கொடுத்தால் அதே விவசாயி ஒரு மரகதம் கொடுத்து வாங்கிக்கொள்வார். அவளுக்கு அது போதும்.

9000 ஆயிற்று. மூன்று பேரும் அறுப்பதை விட்டுவிட்டு மணியடிக்கு நடந்தார்கள். நாங்களும் பின்னாலேயே போனோம். நேற்று பார்த்த அதே காட்சி: ஏழெட்டுப் பேர், வட்டமாக, சும்மா. நான் அவளிடம் கிணற்றடிக்காரர் கையை மட்டும் பார் என்றேன்.

கோதுமை கையில் இருந்தால் விவசாயி கம்போஸ்டரடியில் அதை ரொட்டியாக்கிவிடுவார், 3 கோதுமைக்கு ஒரு ரொட்டி. அவர் பச்சை அங்கிக்காரருக்கு எதிரே போய் நின்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர் மடியிலிருந்து ரொட்டிகள் பறந்து பச்சை அங்கிக்காரர் காலடியில் விழுந்தன. அவர் எடுத்துக்கொண்டார். பிறகு கொல்லர் பக்கம் திரும்பி அவருக்கும் வீசினார்.

இந்த மணிக்கூட்டத்தைத்தான் அவள் இரண்டு வாரமாகச் சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தாள். ஊருக்குள் சாப்பாடு கைமாறுவதில் பெரும்பகுதி இங்கேதான். பேச்சு பரவுவதும் இங்கேதான். நீ பச்சை அங்கிக்காரரை அடித்த செய்தி இவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லித்தான் ஊரெல்லாம் போயிருக்கும், அதனால்தான் உனக்கு விலை ஏறியிருக்கிறது என்றேன். நிஜம்தான், ரொட்டி விலை கூடியிருந்தது என்று ஒத்துக்கொண்டாள். ஊரில் குழந்தை இல்லாததற்கும் இதுவே காரணம். இரண்டு பேருக்கு ஆளுக்கு 3 ரொட்டி, அல்லது 12 கேரட்டோ கிழங்கோ கையில் இருந்து, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு படுக்கையும் இருந்தால்தான் குழந்தை பிறக்கும். படுக்கைக்கு மேல் 2 பிளாக் உயரம் காலியாக இருக்க வேண்டும், பிள்ளை குதித்து விளையாட. அவள் படுக்கைகளை எப்போதோ போட்டு வைத்துவிட்டாள். ரொட்டி வர வழியில்லாமல் இருந்தது.

இரண்டாம் நாள் விடியற்காலையில் மேட்டுத் தெருவில் இதயக் குறிகள் பறந்தன. பெரிய தலையும் சின்ன உடம்புமாக ஒரு குழந்தை தெருவில் ஓடியது. அவள் கத்திய கத்தலில் அடுக்களையிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள்.

அன்று மாலையில் ஒரு விஷயம் மிச்சமிருந்தது. சொல்லத் தயங்கினேன், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். அவள் குகை ஊரிலிருந்து வெகுதூரம், எஃப்3 எண்களைக் கழித்துப் பார்த்தால் 600 பிளாக்குக்கு மேல். ஆடுகிறவரைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரம்வரைதான் இந்த உலகம் ஓடும். அதற்கு வெளியே பயிர் வளராது, விவசாயி நடக்கமாட்டார், மணியடியில் யாரும் கூடமாட்டார்கள். பயிர் வளர நாம் அந்தத் தூரத்துக்குள்ளாவது இருக்க வேண்டும். அவள் குகையில் வெட்டிக்கொண்டிருந்த பகல்களில் ஊர் அப்படியே உறைந்து நின்றிருக்கிறது. அவள் திரும்பி வந்த கணத்தில்தான் அது விழித்திருக்கிறது. விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது, மணியடி நேரம்.

(கைபேசியில் ஆடும் பதிப்பில் இந்தத் தூரக் கணக்குகள் வேறு, நான் சொல்வதெல்லாம் கணினியின் ஜாவா பதிப்புக்கு.)

“அப்ப நான் இல்லாதப்ப அவங்க வேலை பாக்கவே முடியாதா?”

“முடியாது பாப்பா.”

நீண்ட நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குகைக்குப் போனாள். கருவிகள், உலை, பெட்டிகள், மிச்சமிருந்த இரும்பு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மூன்று நடையாக ஊருக்கு வந்து சேர்ந்தாள். வயலுக்கு மேற்கே, நாங்கள் தண்ணீர் கொண்டுபோன கடைமடையை ஒட்டி, ஒரு புல்தரை காலியாக இருந்தது. மறுநாள் காலையில் அதன் நடுவில் நின்று நேரம் கேட்டாள். 2100. கதவு திறக்கும் சத்தம் கேட்டது. இரண்டாவது தொப்பிக்காரர் வயலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தார். அவள் காலுக்குக் கீழே தோண்ட ஆரம்பித்தாள்.